எந்த லேத்தில் எது சரியில்லை

போன மாதம் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாம் ஆண்டு மாணவிகளிடம் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். 2008-இலிருந்து ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் இருக்கிறேன். ஷாப் ஃப்ளோரில் வேலை பார்க்கிற பெண்கள் இன்னும் குறைவுதான் என்பதால் வருடத்துக்கு ஒன்றிரண்டு அழைப்பு இப்படி வரும். பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "மேம், நீங்க ஏன் மெக்கானிக்கல் எடுத்தீங்க?" என்று கேட்டாள். அப்பா ராஜபாளையத்தில் நூற்பாலை ஃபிட்டர், ஸ்பேனரும் கிரீஸும் பார்த்தே வளர்ந்தேன், அந்த ஆர்வம்தான் என்னை இங்கே கொண்டுவந்தது என்றேன். கைதட்டினார்கள். அப்பா ஃபிட்டர் என்பதும் நிஜம், வீட்டில் ஸ்பேனர் கிடந்ததும் நிஜம். ஆனால் பதில் நிஜம் இல்லை.

கிளம்பும்போது அதே பெண் வராந்தா முழுக்கக் கூடவே நடந்து வந்தாள். கார் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "உங்க காலேஜ்ல மெக் பிளாக்ல லேடீஸ் டாய்லெட் இருந்துச்சா மேம்?" என்றாள். "இல்லைம்மா" என்றேன். டிரைவர் கதவைத் திறந்துவிட்டார், ஏறி உட்கார்ந்துவிட்டேன். ராத்திரி பஸ்ஸில் தூக்கம் வரவில்லை. மேடையில் கேட்டது எல்லோருக்குமான கேள்வி. காரிடம் வந்து கேட்டதுதான் அவளுடைய கேள்வி. அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். இரண்டுக்கும் உண்மையான பதில் ஒன்றேதான், அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கிண்டியில் ஒரு காலை

2004 ஜூலை. அப்போது நுழைவுத் தேர்வு இருந்தது, கட்-ஆஃப் முன்னூறுக்கு. கவுன்சலிங்குக்கு நேரில் போக வேண்டும். அப்பாவும் நானும் ராத்திரி ரயிலில் வந்து, அண்ணா பல்கலைக்கழக வளாகத்து மரத்தடியில் உட்கார்ந்து அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டோம். பெரிய திரையில் கல்லூரி கல்லூரியாகக் காலியிட எண்கள் குறைந்துகொண்டே வரும். உள்ளே போய் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபோது என் தரவரிசைக்கு இரண்டு வழி இருந்தது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் ஈசிஇ, அல்லது தூரத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கல். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சார், கவர்ன்மென்ட் காலேஜ்ல ஃபீஸ் எவ்வளவு?" கம்ப்யூட்டர் முன் இருந்தவர் சொன்ன தொகையைக் கேட்டு அப்பா என்னைப் பார்த்தார். நான் சரி என்றேன். இதுதான் நான் மெக்கானிக்கல் எடுத்த கதை. முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை 2010-இல்தான் வந்தது. நான் சேரும்போது அது இருந்திருந்தால் ஈசிஇதான் படித்திருப்பேன்.

ஊரில் ஒரு வாரம் அதே பேச்சு. பொம்பளைப் பிள்ளைக்கு ஏசி ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலை வேண்டாமா என்றார்கள். கம்ப்யூட்டர் என்றால் மாப்பிள்ளை வீட்டில் மதிப்பு, மெக்கானிக்கல் என்றால் எண்ணெய்க் கையோடு நிற்பாளே என்று பெரியத்தை கண் கலங்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் பார்த்த உலகம் அப்படி.

அறுபது பேர் வகுப்பில் பெண்கள் நான்கு பேர். விடுதியில் எங்களை ஊர்ப் பெயரால்தான் கூப்பிடுவார்கள்: தேனி, அரியலூர், பரமக்குடி, ராஜபாளையம். பரமக்குடி மருத்துவத்துக்கு முயன்று கொஞ்சத்தில் தவறவிட்டவள். அரியலூரின் அக்காவுக்கு ப்ளஸ் டூ முடித்த கையோடு கல்யாணம். இவளையாவது விடுதியில் சேர்த்துவிட்டால் நாலு வருடம் பெண் கேட்டு யாரும் வர மாட்டார்கள் என்று அவள் அம்மா கணக்குப் போட்டார், எந்தப் பிரிவு என்பது அவருக்கு முக்கியமில்லை. தேனியின் அப்பா டிராக்டர் பட்டறை வைத்திருந்தார். நாலு பேரில் மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் அவள் ஒருத்திதான். பெண்கள் ஏன் பொறியியல் எடுக்கிறார்கள் என்று கேட்டால் ஆர்வம், லட்சியம் என்ற சொற்களைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த பெண்கள் பெரும்பாலும் ஃபீஸ், விடுதி, பஸ் வசதி, கல்யாணப் பேச்சைத் தள்ளிப்போடுவது என்று ஏதோ ஒரு கதவு திறந்ததால் உள்ளே வந்தவர்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கப்பட்டுக்கொண்டு நான் இத்தனை வருடம் மேடையில் வேறு பதில் சொல்லிவந்ததுதான் தப்பு.

மூணாவது லேத்

முதல் வருடம் எப்படியோ ஓடியது. படம் வரைகிற மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு நாலு பேரும் சேர்ந்தே போவோம், சேர்ந்தே வருவோம். இரண்டாம் வருடம் லேப்புக்காக வகுப்பை மூன்று பேட்ச்சாகப் பிரித்தார்கள், பதிவு எண் வரிசைப்படி. நாலு பேரும் சிதறிப்போனோம். என் பேட்ச்சில் இருபது பேரில் நான் மட்டும்தான் பெண். லேத் என்பது இரும்பைச் சுழலவிட்டு டூல் என்கிற வெட்டும் உளியால் கடைகிற மெஷின், ஒன்றுக்கு நாலைந்து பேர். முதல் நாளே லேப் பொறுப்பில் இருந்தவர், "நீ ரீடிங் எழுதிக்கோம்மா, பசங்க ஓட்டட்டும்" என்றார். அவர் அதை அக்கறையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆறு வாரம் நான் ரீடிங் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருந்ததால் நாலு பேருடைய ரெக்கார்டையும் நானே எழுதினேன். சக்கரத்தைத் தொட்டது மொத்தமாகப் பத்து நிமிடம் இருக்காது.

அக்டோபர் 2005-இல் மாடல் தேர்வு. ஆளுக்கொரு இரும்பு ராடு கொடுத்தார்கள்: ஃபேசிங் (முகப்பைச் சமமாக்குவது), ஸ்டெப் டர்னிங் (படிப்படியாகக் கடைவது), டேப்பர் (சாய்வாகக் கடைவது). எனக்கு மூன்றாம் நம்பர் லேத். ஃபேசிங்கில் நடுவே ஒரு குமிழ் நின்றது, என்ன செய்தும் போகவில்லை. டர்னிங்கில் அரை மில்லிமீட்டர் வெட்டு கொடுத்தால் ஒருமுறை எதுவுமே வெட்டாது, அடுத்த முறை தேவைக்கு மேல் வெட்டிவிடும். மேற்பரப்பு அரம் போல வந்தது. பதற்றத்தில் ஜாபைக் கழற்றித் திரும்ப மாட்டிய நான், ராடைப் பிடிக்கிற சக்கை இறுக்கும் சாவியை, சக் கீயை, சக்கிலேயே விட்டுவிட்டு மெஷினை ஆன் செய்தேன். சாவி பறந்து எதிர்ச் சுவரில் அடித்து விழுந்தது. யார் மேலும் படவில்லை. ஒரு கணம் அந்த ஷெட்டே அமைதியானது. அப்புறம் லேப் பொறுப்பில் இருந்தவர் வந்து மெஷினை நிறுத்தி, "வெளிய போம்மா. இந்தப் பிராஞ்ச் எல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றார். உங்களுக்கு என்று அவர் சொன்னது மரியாதைக்காக இல்லை, எங்கள் நாலு பேரையும் சேர்த்து.

விடுதி வாசலில் ஒரு ரூபாய் போன் இருந்தது. நாலு நாணயம் போட்டு மில்லுக்குப் பேசினேன். எனக்கு இது வராதுப்பா, ஊரிலேயே பிஎஸ்சி கணக்கு சேர்ந்துகொள்கிறேன் என்றேன். அப்பா அதிகம் கேட்கவில்லை. "சனிக்கிழமை வரேன் பாப்பா" என்று மட்டும் சொன்னார்.

அன்று ராத்திரி மெஸ்ஸில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததை அரியலூர் போய் நாலாம் வருட அக்கா ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் மெக்கானிக்கல்தான், அவருடைய வகுப்பில் அவர் ஒருவரே பெண். எங்கள் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். எல்லாம் சரியாகிவிடும், தைரியமாக இரு என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது: "எந்த லேத்?"

"மூணாவது."

"அதுல கிராஸ் ஸ்லைடு பேக்லாஷ் இருக்குமே. கால் சுத்து சும்மாவே சுத்தும். யாரும் சொல்லலையா உனக்கு?"

யாரும் சொல்லவில்லை. டூலை முன்னும் பின்னும் நகர்த்தும் திருகில் இருந்த தளர்ச்சி அது. என் கையில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு பகல் முழுக்க அழுதிருந்தேன். அக்கா தன் அறைக்குப் போய் நாற்பது பக்கக் கட்டுரை நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பழுப்பு அட்டை, ஓரமெல்லாம் கிரீஸ். மூன்று வருடமாக, தனக்குத் தெரியவந்ததையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தார். நாலாவது லேத்தில் த்ரெட் வெட்டும்போது ஹாஃப் நட் நழுவும், லிவரை விடாமல் பிடிக்கவும். ஃபேசிங்கில் நடுவில் குமிழ் நின்றால் டூல் சென்டருக்குக் கீழே இருக்கிறது, அடியில் தகடு கொடுத்து டெயில்ஸ்டாக் முனையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். ஷாலை ஓவர்கோட்டுக்குள் விட்டுப் பின் குத்தவும், லேப்பில் ஷால் இல்லாமல் வரலாமா என்று எச்ஓடியிடம் (துறைத் தலைவர்) கேட்டாகிவிட்டது, வரலாம். மெக் பிளாக்கில் டாய்லெட் இல்லை, நூலகத்துக்குப் போய்வரப் பதினெட்டு நிமிடம், மூன்று மணி நேர லேப்புக்கு முன்பே போய்விடவும். முதல் பக்கத்தில் தனியாகக் கட்டம் கட்டி: சக் கீயிலிருந்து கையை எடுக்கும்போது சக் கீ சக்கில் இருக்கக் கூடாது. அதைப் படித்துவிட்டு நான் நிமிர்ந்தபோது அக்கா சொன்னார், "நானும் பறக்க விட்டிருக்கேன்."

மறுநாள் அக்கா எங்கள் நாலு பேரையும் எச்ஓடியிடம் கூட்டிப் போனார். சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை இரண்டு வாரத்துக்கு லேப் திறந்துவைக்க அனுமதி கேட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "இவங்க ஆறு வாரமா மெஷினைத் தொடல சார்" என்றார். எச்ஓடி கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் கையெழுத்துப் போட்டார். அன்றே தொடங்கினோம். தேனிக்குக் கை முதலிலேயே வந்துவிட்டது. பரமக்குடிக்கு அளவு எடுக்கிற பொறுமை அதிகம், வெர்னியரை அவளிடம் கொடுத்துவிடுவோம். எனக்கு வேகமாக வரவில்லை. ஆனால் தப்பு செய்தால் மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்களும் அதே தப்பைச் செய்கிறார்கள் என்ற நிம்மதி அதுவரை கிடைத்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வந்தார். விடுதியில் நான் இல்லை என்று லேப்புக்கே வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரை அட்டெண்டர், ஷெட்டில் செருப்பு இல்லாமல் வரக் கூடாது என்று தடுத்தார். நான் மெஷினை நிறுத்தினேன். அப்பா வந்து ஜாபைப் பார்த்தார், அந்த அரம் போன்ற பரப்பைத் தடவினார். அப்புறம் டூலின் முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தார். "பாப்பா, இது வெட்டாதே. மழுங்கிப்போய் எத்தனையோ நாளாச்சு" என்றார். பெட்டியில் இருந்த மற்ற டூல்பிட்டுகளையும் பார்த்தார், எல்லாம் அப்படித்தான். பசங்க எதை வைத்து வெட்டுகிறார்கள் என்று அட்டெண்டரிடம் கேட்டார். "அவனுங்க சொந்தமா வச்சிருப்பானுங்க சார். சீனியருங்க தீட்டிக் குடுத்துட்டுப் போவாங்க, தீப்பெட்டியில போட்டு வச்சிருப்பானுங்க" என்றார் அவர்.

இருபது வருடம் ஆகியும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. பசங்க எங்களிடமிருந்து எதையும் ஒளித்துவைக்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள், பின்னால் கொடுக்கவும் செய்தார்கள். ஆனால் அப்படி ஒரு தீப்பெட்டி இருக்கிறது என்பதே ராத்திரி பதினோரு மணிக்கு ஆண்கள் விடுதியில் பேசிக்கொள்கிற விஷயம். எங்கள் விடுதியை அதற்கு வெகு முன்பே பூட்டிவிடுவார்கள். திறமை என்று வகுப்பில் மார்க் போட்டார்களே, அதில் எத்தனை பங்கு தீட்டிய டூல் என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை.

அப்பா அட்டெண்டரிடம் கேட்டு கிரைண்டரில் நாலு டூல் தீட்டினார், நாலு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும், எப்போது தண்ணீரில் முக்க வேண்டும் என்று செய்துகொண்டே சொன்னார். அக்கா அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ராத்திரி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று அப்பா கிளம்பினார். என்னைக் கூட்டிப்போக வந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கல்லூரியில் சேர்ந்து பதினான்கு மாதம் கழித்து, அந்த வாரத்தில்தான் நான் மெக்கானிக்கல் எடுத்தேன்.

கிண்டியில் இன்னொரு பெண்

இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று லலிதாவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் குழந்தை, 1940-இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல். பின்னால் பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்சார வேலைகளில் பங்கு. இதையெல்லாம் வேலைக்கு வந்த பிறகுதான் நான் படித்தேன். என்னை நிறுத்தியது வேறொரு இடம். அவருக்கு எல்லா ஆதரவும் இருந்தது. அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர், முதல்வர் சாக்கோவும் துணை நின்றார். கூடப் படித்த மாணவர்களும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை. இத்தனையும் இருந்தும் குழந்தையை உறவினரிடம் விட்டுவிட்டு விடுதியில் ஒற்றைப் பெண்ணாக இருந்த லலிதாவுக்குத் தனிமை தாங்கவில்லை. அப்பா என்ன செய்தார் தெரியுமா? மகளுக்குப் புத்திமதி சொல்லவில்லை. கல்லூரியில் பெண்களுக்கும் இடம் உண்டு என்று விளம்பரம் வெளியாக ஏற்பாடு செய்தார். அடுத்த வருடம் லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இரண்டு பேர் சிவிலுக்கு வந்து சேர்ந்தார்கள். போர்க்காலத்தில் படிப்பைச் சுருக்கியதால் மூவரும் ஏறக்குறைய ஒன்றாகவே முடித்தார்கள். சான்றிதழில் அச்சாகியிருந்த 'அவன்' என்பதை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுத வேண்டியிருந்தது. திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

முதல் பெண் என்ற பட்டத்தை நாம் பெரிதாகப் பேசுகிறோம். எனக்கோ அந்த விளம்பரம்தான் பெரிதாகத் தெரிகிறது. ஐஐடிகளில் 2018-இலிருந்து பெண்களுக்குக் கூடுதல் இடங்கள் உருவாக்கி, 2020-க்குள் இருபது சதவீதத்துக்குக் கொண்டுவர முயன்றபோது தகுதி என்னாவது என்று நிறையப் பேர் கேட்டார்கள். எனக்கு ஞாபகம் வந்தது, இருபது பேர் பேட்ச்சில் ஒருத்தியாக நின்று ரீடிங் எழுதியதுதான்.

நோட்டு நாங்கள் இருக்கும்வரை வளர்ந்தது. கடைசியாகச் சேர்ந்த முக்கியமான பக்கம் 2007-இல், கேம்பஸ் இன்டர்வியூ சமயத்தில். ஒரு நிறுவனத்திலிருந்து வந்தவர்கள், ஷிஃப்ட் வேலை, பெண்களை ராத்திரியில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது என்று எங்கள் நாலு பேரையும் எழுத்துத் தேர்வுக்கே விடவில்லை. அரியலூரின் சித்தப்பா திருப்பூரில் தொழிற்சங்கத்தில் இருந்தவர். அவரிடம் கேட்டு வந்தாள். தொழிற்சாலைகள் சட்டத்தின் 66-ஆம் பிரிவில் இருந்த இரவுப் பணித் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லியிருந்தது. கூடவே பாதுகாப்பு நிபந்தனைகள் போட்டிருந்தது. அதில் ஒன்று, பெண்களை இரவில் வேலைக்கு வைத்தால் பத்துப் பேருக்குக் குறையாத குழுவாக வைக்க வேண்டும் என்பது. அந்த வரியை நோட்டில் எழுதும்போது பரமக்குடி, "ஜட்ஜுக்குத் தெரிஞ்சிருக்குடி" என்றாள். அடுத்து வந்த நிறுவனத்திடம் இதைச் சொன்னோம். தேர்வு எழுத விட்டார்கள். எனக்கும் அரியலூருக்கும் வேலை கிடைத்தது.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இதுவும் மேடைப் பேச்சாகிவிடும். நாலு பேரில் மெக்கானிக்கலை நிஜமாகவே விரும்பி வந்த தேனி, இந்தத் தொழிலில் இல்லை. சென்னையில் ஐடி வேலைக்குப் போனாள், நன்றாக இருக்கிறாள். அவளுக்குக் கிடைத்த ஒரே பட்டறை வேலை வேறு மாநிலத்தில், பெண்களே இல்லாத யூனிட்டில். மூன்று மாதம் இருந்துவிட்டு வந்துவிட்டாள். என் லைனில் என்னோடு இரண்டு பெண்கள் இருந்தார்கள், பக்கத்து ஷாப்பில் அரியலூர் இருந்தாள். அவளைவிட எனக்கு ஆர்வம் அதிகம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

தஞ்சாவூரிலிருந்து வந்த மறுநாள் அங்கிருந்த பேராசிரியையிடம் அந்தப் பெண்ணின் எண்ணை அவள் சம்மதத்தோடு வாங்கிப் பேசினேன். மேடையில் சொன்னதைத் திருத்திச் சொன்னேன்: ஃபீஸ், மூணாவது லேத், நோட்டு எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தாள். மெக்கில் இந்த வருடம் பெண்கள் எட்டுப் பேராம். பிளாக்கில் ஸ்டாஃப் டாய்லெட் ஒன்று இருக்கிறது, சாவி ஆபீஸில், கேட்கக் கூச்சமாக இருப்பதால் மதியத்துக்கு மேல் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை என்றாள். லெட்டர் எழுதுங்கள், ஒருத்தி பெயரில் வேண்டாம் என்றேன். போன வெள்ளிக்கிழமை அந்த லெட்டரைப் படம் எடுத்து அனுப்பினாள். கீழே ஏழு கையெழுத்து இருந்தது. எட்டாவது பெண் ஊரில் திருவிழா என்று போயிருக்கிறாளாம். திங்கட்கிழமை அவள் வந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் கொடுக்கப் போகிறார்கள்.